இந்தப் பேர்ல ஆள் இருக்கா?

சித்தேரி என்றால் தருமபுரிக்காரர் அரூர் தாண்டி மலையேறுவார். விவரம் தெரியாத சென்னைக்காரர் அரக்கோணம் பக்கத்துச் சித்தேரி ஸ்டேஷனில் இறங்கி மலை எங்கே என்று கேட்பார். இரண்டு ஊரும் பேரை விட்டுக்கொடுக்கவில்லை. மாவட்டத்தைச் சேர்த்து எழுதச் சொல்லி, வம்பைத் தபால்காரர் தலையில் கட்டிவிட்டோம்.

ஆபீஸ் நெட்வொர்க்கில் தபால்காரர் இல்லை. பழைய விண்டோஸ் இதைத் தாலுகா ஆபீஸ் பாணியில் முடித்தது: பெயர் 15 எழுத்துக்குள் இருக்கணும், அதே பெயரில் முன்பே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் மனு தள்ளுபடி, போய் வா.

ஸ்டூவர்ட் செஷர் என்பவர் 1997இல் வேறு வழி யோசித்தார். பிறகு ஆப்பிளில் சேர்ந்து செய்தும் காட்டினார். புதிதாக வரும் பிரின்டர் கால் நொடிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை, "இந்தப் பேர்ல ஆள் இருக்கா?" என்று குரல் கொடுக்கணும். இருந்தால் தகராறு பண்ணாமல் தன் பெயருக்குப் பின்னால் (2) போட்டுக்கொண்டு உட்காரணும். இருவர் ஒரே நேரத்தில் கேட்டால், இருவர் விவரத்தையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு, வரிசையில் பின்னால் வருகிறவருக்கே பெயர். சீனியாரிட்டி, சிபாரிசு எதுவும் செல்லாது. கரண்ட் போய் வந்ததும் எல்லாக் கருவியும் சேர்ந்து கத்தக்கூடாதாம். அதற்காக, முதல் குரலுக்கு முன் கால் நொடிக்குள் இஷ்டம்போல் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கணும். அமெரிக்காவில் உட்கார்ந்து நம்மூர் மின்வெட்டுக்கு விதி எழுதிய புண்ணியவான்கள்!

இவ்வளவு அடக்கமான சரக்குக்கு ஆப்பிள் 2002இல் 'ரான்டேவூ' என்று பேர் வைத்தது. மூன்று தடவை வேண்டாம், ஒரே ஒரு தடவை குரல் கொடுத்திருக்கலாம். டிப்கோ என்ற கம்பெனி அதே பெயரில், அதுவும் நெட்வொர்க் மென்பொருளையே, தொண்ணூறுகளிலிருந்து விற்றுக்கொண்டிருந்தது. 2003இல் கேஸ் போட்டது. தான் வகுத்த விதிப்படி 'ரான்டேவூ (2)' என்று ஆப்பிள் ஒதுங்கியிருந்தால் வக்கீல் ஃபீஸ் மிச்சம். அடைப்புக்குறி பிரின்டருக்குப் போதும், பெரிய கம்பெனிக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. முக்கால் நொடிச் சமாசாரம் ஏறத்தாழ ஒரு வருஷம் இழுத்து, 2004இல் சமரசமானது. 2005இல் 'பான்ஜூர்' என்று மறுநாமகரணம்.

லினக்ஸ்காரர்கள் இதையெல்லாம் பார்த்தார்களோ என்னவோ, இதே வேலைக்குத் தாங்கள் எழுதிய மென்பொருளுக்கு 'அவஹி' என்று மடகாஸ்கர் லெமூர் ஒன்றின் பெயரை வைத்தார்கள். லெமூருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.