பித்தளைக் கம்பிக்காரர்

அமெரிக்காவில் எந்தச் சிற்றூரை எடுத்துக்கொண்டாலும் இவர் ஒருவர் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஓய்வுபெற்ற பொறியாளர், அல்லது ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கர். வீட்டில் காரேஜ் உண்டு. அதில் கார் மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் துருவேறிய மடக்குச் சவரக்கத்தி ஒன்றைப் பத்து டாலருக்கு வாங்கிவந்து, அதற்கு உயிர் கொடுக்கிறேன் என்று இறங்கியிருக்கிறார். அலகின் துரு போயிற்று. எருமைக்கொம்பில் புதுப் பிடி இழைத்தாயிற்று. பாக்கி மூன்று ஆணிகள்தான். வீட்டம்மாவுக்கு இனிமேல்தான் சோதனைக் காலம்.

மடக்குக் கத்தியின் பிடி என்பது இரண்டு பட்டைகள். ஒரு முனையில் அலகின் வால் நடுவே நுழைந்து ஓர் ஆணியில் சுழலும். மறுமுனையில் ஈயத்திலோ மரத்திலோ செய்த ஆப்பு ஒன்றை வைத்து இன்னோர் ஆணி அடிப்பார்கள். சில கத்திகளில் நடுவிலும் ஒன்று இருக்கும். ஆணி என்றால் கடையில் வாங்கும் ஆணி அல்ல. மெல்லிய பித்தளைக் கம்பியைத் துளையில் செருகி, இருபுறமும் குட்டி வாஷர் கோத்து, முனையைத் தட்டித் தட்டித் தலையாக்க வேண்டும். கம்பியின் தடிமன் 1/16 அங்குலம், நம் பழைய வாய்ப்பாட்டில் மாகாணி. ஒரு கத்திக்கு இரண்டு அங்குலக் கம்பி தாராளம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று இவரிடம் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

இவருடைய நிரந்தர எதிரி, பிளேடு மாற்றும் ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட். அந்த மனிதர் 1903-இல் விற்றதே 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். மறு வருடமே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தொட்டது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்கு 35 லட்சம் ரேசர் வாங்கிக் கொடுக்க, அதோடு மடக்குக் கத்தியின் காலம் கிட்டத்தட்ட முடிந்தது. அந்த அநியாயத்தை இவர் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் இவருக்கு மார்பு வரை தாடி.

ஹார்டுவேர் கடைக்குள் இவர் நுழைந்தால் கல்லாவில் இருக்கும் பையன் சரக்கு எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விடுகிறான். சட்டைப் பையில் காந்தம், கையில் வெர்னியர். முதலில் காந்தத்தைக் கம்பியில் வைப்பார். ஒட்டினால் அது பித்தளைப் பூச்சு பூசிய இரும்பு, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒட்டாவிட்டால் அளவு. 1/16 அங்குலம் என்பது 1.5875 மில்லிமீட்டர். 1.5 மில்லிமீட்டர் கம்பி துளைக்குள் ஆடும். 1.6 என்றால் மயிரிழை தடிமன் கூடுதல், துளைக்குள் போகாது. பையன் “ஏறக்குறைய சரிதானே சார்?” என்று வாய்தவறிக் கேட்டான் என்றால் அன்று கடை சாத்த நேரமாகும். 1.6 கம்பியை டிரில்லில் பூட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளால் இளைக்க வைப்பது எப்படி என்று விளக்கிவிட்டுத்தான் நகர்வார்.

அடுத்தது குலம் கோத்திரம். பித்தளை என்று பொதுவாகச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும். எந்தப் பித்தளை? அமெரிக்கக் கணக்கில் 260 என்றால் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. தோட்டாவின் வெளிக்கூடு செய்யும் சரக்கு, தட்டினால் நெகிழ்ந்து கொடுக்கும். 360 என்றால் லேத்தில் கடைவதற்கென்றே ஏறத்தாழ 3 சதவீதம் ஈயம் கலந்தது. கடைய வெண்ணெய் மாதிரி. சுத்தியலால் தட்டினாலோ விளிம்பில் விரிசல் விடும். இந்த ஒரு விஷயத்தில் மனிதர் சொல்வது முழுக்க நிஜம். தலை தட்டும்போது வெடித்த ஆணியைக் கழற்றுவதற்குள் கொம்புப் பிடிக்கும் சேதம் வந்துவிடும்.

சரியான கம்பியே கிடைத்தாலும் அப்படியே அடித்துவிட முடியாது. கம்பி அச்சில் இழுபட்டு வருவதால் விறைத்திருக்கும். காய்ச்சி இளக்க வேண்டும். இவர் காரேஜ் விளக்கை அணைக்கிறார். இருட்டில்தான் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியும். கேஸ் டார்ச்சின் நுனியில் கம்பியை மெல்ல நகர்த்தி, சிவப்பு எட்டிப் பார்த்ததும் தண்ணீரில் போடுகிறார். எஃகு இப்படிச் செய்தால் கெட்டிப்படும். பித்தளை அப்படி இல்லை, இளகியபடியே இருக்கும். இதே நேரத்தில் விளக்கைப் போட்டபடி உள்ளே வந்த மனைவியோடு அன்று பேச்சுவார்த்தை இல்லை.

விருந்தாளி யாராவது அகப்பட்டால் இந்தியக் கதை வரும். இது உண்மைக் கதைதான். வெள்ளைக்காரர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வராது. ஆனால் தட்டி முடித்த ஆணி மறுபடி இறுகிவிடும், கொம்புப் பிடியோடு சேர்த்து அதைக் காய்ச்சவும் முடியாது. ஆகவே அம்மோனியா கலந்த ஜன்னல் துடைக்கும் திரவம் எதுவும் இவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. இவர் வீட்டு ஜன்னல்கள் மங்கலாக இருக்கும் காரணம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது.

கடைசியாகச் சுத்தியல். வாஷருக்கு மேலே கம்பி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடினால் வளையும்; குறைந்தால் தலை தேறாது. சின்ன பால்பீன் சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி, கதவைத் தட்டும் சத்தம்கூட வராமல் தட்ட வேண்டும். கொஞ்சம் தட்டியதும் புரட்டிப் போட்டு மறுபுறம். ஆத்திரத்தில் ஒரே ஓர் அடி பலமாக விழுந்தால் கம்பி பிடிக்குள்ளேயே கோணும், கொம்பு பிளக்கும். அதற்குப் பயந்தே இவர் மாதக்கணக்கில் கத்தியை ‘ஜீரோ எயிட்டி’ என்னும் குட்டித் திருகாணிகளால் பூட்டி ஒத்திகை பார்க்கிறார். சிலருக்கு ஒத்திகையோடு ஆயுள் முடிந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து இதே அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகக் கத்திகள் வந்தன. அலகு அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி பூட்டுபவர் ஒருவர். கூலி டஜன் கணக்கில். வெர்னியரும் காந்தமும் இல்லாமல் அவர்கள் அடித்த ஆணி நூற்றைம்பது வருடம் கழித்தும் ஆடாமல் நிற்கிறது. இவர் அதைத்தான் அரத்தால் ராவி எறிந்துவிட்டுப் புது ஆணி போடுகிறார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவர் உங்களுக்கு நண்பராக வாய்த்தால், பிறந்தநாளுக்குப் பித்தளைக் கம்பி மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 260-ஆ, 360-ஆ என்று கேட்பார். ஒரு பொட்டலம் வாஷர் போதும்.