அறுபத்தைந்து அங்குல விவகாரம்

ஸ்காபரோ, ரொறன்ரோ
மார்கழி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இக்காலத்தில் எவரும் எழுதாத நீண்ட கடிதமொன்றை நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம், இதிலே பிரஸ்தாபிக்கப்போகும் விவகாரத்தில் தங்கள் சகோதரியாரும் ஒரு கட்சிக்காரராக இருப்பதும், வாயால் சொன்னால் அது அவர் செவியில் விழுந்துவிடும் என்பதும்தான். மாற்றுச் சம்பந்தம் செய்துகொண்டவர்களுக்குள்ள பெரிய அசௌகரியம், மனைவியைப் பற்றி மைத்துனரிடம் முறையிடப் புகுந்தால், பதிலுக்குத் தன் தமக்கையைப் பற்றிய முறைப்பாடுகளையும் பொறுமையுடன் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பது. ஆகையால் எவரையும் குறை கூறாமல், நடந்தவற்றை மாத்திரம் எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியொன்று எவ்விதப் பழுதுமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அகற்றிவிட்டு 65 அங்குலத்தில் புதியதொன்றை வாங்க வேண்டுமென்பது மகனுடைய அபிப்பிராயம். பழையதில் என்ன குறையென்று கேட்டேன். "குறை ஒண்டும் இல்லை அப்பா, இப்ப விலை குறைஞ்சிருக்கு" என்றான். இந்தத் தேசத்தில் ஒரு பொருளை வாங்குவதற்கு அது தேவைப்பட வேண்டுமென்ற நியதி கிடையாது. அதன் விலை இறங்கியிருந்தாலே போதும். கார்த்திகைக் கடைசியில் பிளாக் பிரைடே என்றும், நத்தாருக்கு மறுநாளாகிய மார்கழி 26-ல் பொக்சிங் டே என்றும் இரண்டு வியாபாரப் பண்டிகைகள் இங்கே உண்டு. நல்லூர்த் தேருக்கு விடியற்காலையில் எழுந்து போயறியாத எங்களூர்ப் பிள்ளைகள் சிலர், அந்நாட்களில் உறைபனியிலே கையுறையும் தொப்பியும் தரித்து, கடை திறப்பதற்கு முன்பே வரிசையில் நிற்கிற சிரத்தையைக் கண்டால் தாங்கள் பிரமித்துப்போவீர்கள். ஆனால் விலைச்சீட்டில் எழுதியிருப்பது முழு விலையன்று. ஒன்ராறியோவில் அதன்மேல் நூற்றுக்கு 13 வீதம் வரியுண்டு; அது காசு கட்டும் இடத்திலேதான் வெளிப்படும். இறங்கிய விலையில் ஒரு பகுதி அங்கே மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

நான் ஆட்சேபித்தேன். முதலாவது ஆட்சேபம் தேகசம்பந்தமானது. சென்ற வருஷம் என் இரு கண்களிலும் புரை நீக்கிப் புதிய வில்லை பொருத்தியதும், அதன் செலவை இம்மாகாணத்து ஆரோக்கியக் காப்புறுதியே ஏற்றுக்கொண்டதும் தங்களுக்குத் தெரிந்தவையே. அரசாங்கம் தன் செலவில் என் கண்ணையே புதுப்பித்துக் கொடுத்துவிட்ட பிறகு, நான் என் செலவில் பெட்டியைப் புதுப்பிப்பானேன் என்று கேட்டேன். மகன் சிரித்தான், மருமகள் நல்ல பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டாள், தங்கள் சகோதரியார் மாத்திரம், "அந்தப் புதுக் கண்ணுக்குத் தக்கதாத்தானே பிள்ளை வாங்கச் சொல்லுறான்" என்று எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டார்.

இரண்டாவது ஆட்சேபம் கேத்திரகணிதத்தைச் சார்ந்தது. உத்தியோக காலம் முழுவதும் அதையே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் வேறெதைக் கொண்டு வாதாடுவான்? தொலைக்காட்சியின் அங்குலக் கணக்கு அகலமுமன்று, உயரமுமன்று, மூலைவிட்டம். 43-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம் கேட்பதற்கு ஒன்றரை மடங்கு போலத் தோன்றினாலும், பரப்பளவு வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், புதிய திரை பழையதைவிட இரண்டேகால் மடங்கு சுவரை விழுங்கும். விழுங்கட்டும், அதனால் தெளிவு கூடுமா என்பதே கேள்வி. புதியவற்றிலே குறுக்கே 3840, நெடுக்கே 2160 ஆகச் சுமார் 83 இலட்சம் ஒளிப்புள்ளிகள். எங்கள் பழையதில் அதன் காற்பங்கு. மனுஷனுடைய நல்ல கண்ணானது ஒரு பாகையில் அறுபதிலொரு பங்கிலும் சிறிய கோணத்தைப் பிரித்தறிய மாட்டாது. இந்தப் பிரமாணத்தை வைத்துக் கணக்கிட்டால், 65 அங்குலத் திரையிலே அத்தனை புள்ளிகளுக்கும் அவற்றின் காற்பங்குக்கும் உள்ள பேதம் எட்டரை அடிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் புலப்படும். அதற்கப்பால் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே ஒன்பதடி. இதையெல்லாம் ஒரு கடதாசியில் படம் கீறி விளக்கினேன். மகன் அதை மரியாதையுடன் வாங்கி, முழுவதும் பார்த்துவிட்டு, "அப்ப சோபாவை ஓரடி முன்னுக்குத் தள்ளுவம்" என்றான்.

வாதம் இந்த நிலையில் இருக்கையில், "சும்மா பாத்திட்டு வருவம்" என்ற வியாஜத்தில் ஒரு சனிக்கிழமை என்னைக் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு சுவர் முழுவதும் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. பஞ்சவர்ணக்கிளியொன்று தலையைச் சாய்த்துக் கண்ணிமைத்தது; அதன் அலகின் கீழிருந்த சிறு இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னர் ஒரு மாதுளம்பழம் பிளந்து, முத்துக்கள் நீர்த்துளியுடன் மெல்ல மெல்ல உருண்டன. பின்னர் தேன் வழிந்தது. மறுபடியும் கிளி. மனிதர் எவரும் வரவில்லை, பேச்சும் கிடையாது. எங்கள் வீட்டில் ஓடுவதோ, இரண்டு மாமியாரும் மூன்று மருமகளும் ஒரே கூடத்தில் நின்று, வசனமின்றி, ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்னைத் தொடர். அந்தக் கோபங்களைக் கண்டுகொள்வதற்கு இறகெண்ணும் தெளிவு அவசியந்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேச்சைக் கேட்டு விற்பனைப் பையனொருவன் வந்து சேர்ந்தான். எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை. "அங்கிள், அறுபத்தஞ்சுக்குக் குறைய எடுத்தா ஒரு வருஷத்தில கவலைப்படுவீங்கள்" என்றான். இந்தப் பெட்டி திறமானது, இதற்குப் பழுதென்பதே வராது என்று வெகுநேரம் உபந்நியாசம் செய்தவன், மகன் தலையசைக்கத் தொடங்கிய அந்தக் கணமே, பழுது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, ஐந்து வருஷக் காப்புறுதிப் பத்திரமொன்றை நீட்டினான்.

இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்த மார்ஷல் மக்லூகன் என்ற பேராசிரியர், 1964-ல் வெளியிட்ட நூலொன்றிலே தொலைக்காட்சியைக் குறித்து ஒரு விசித்திர சித்தாந்தத்தை ஸ்தாபித்திருக்கிறார். அக்காலத்துத் தொலைக்காட்சிப் படம் விவரம் குறைந்த வெறும் புள்ளிக்கூட்டமாகையால், பார்க்கிறவன் எஞ்சியதைத் தன் மனத்தினால் இட்டு நிரப்ப வேண்டியவனாகிறான் என்பதும், அந்த உழைப்பினாலேயே அவன் அதில் ஆழ்ந்து ஈடுபடுகிறான் என்பதும் அவர் கொள்கை. அவர் 1980 மார்கழியின் கடைசி நாளில் காலமாகிவிட்டார். இன்னும் சில வருஷம் சீவித்திருந்து, 1982 மாசி 15-ல் ரூபவாஹினி ஆரம்பமான பின்னர் தாங்கள் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பாரேயாகில், தம் கொள்கைக்கு அதைவிட உத்தமமான சாட்சி பூலோகத்தில் இல்லையென்று ஆனந்தித்திருப்பார். கடலுக்கப்பாலுள்ள தூரதர்ஷனைப் பிடிப்பதற்காகத் தாங்கள் கூரைமேல் நின்று அன்ரனாவைத் திருப்ப, நான் முற்றத்தில் நின்று செய்தி கடத்த, உள்ளேயிருந்து அக்கா "வருது, வருது, ஐயோ போட்டுது" என்று அறிவிக்க, ஒழுங்கைச் சனம் முழுவதும் பாயில் குந்தியிருந்து, புள்ளி மழைக்குள்ளே நடமாடிய இரண்டு நிழல்களில் எது கதாநாயகன், எது வில்லன் என்று தர்க்கித்துத் தீர்மானித்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேராசிரியரின் கணக்குப்படி, 83 இலட்சம் புள்ளிகளும் நிரம்பிய திரைக்கு முன்னால் எனக்கு யாதொரு வேலையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இப்போதெல்லாம் படம் தொடங்கிச் சற்று நேரத்தில் நித்திரை வந்துவிடுகிறது.

அன்ரனா மோகம் என்னை இன்னும் விட்டபாடில்லை. இந்நகரத்தின் சி.என். கோபுரம் 553 மீற்றர் உயரம், 1976-ல் திறந்தார்கள். வருகிற உல்லாசப் பிரயாணிகள் அதன் கண்ணாடித் தரையில் நின்று படமெடுப்பதற்கென்றே அதைக் கட்டியதாக எண்ணிக்கொள்கிறார்கள். நகரத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து ஒளிபரப்பு அலைகளை மறித்ததனாலேயே, அவற்றுக்கு மேலே ஓர் இடம் தேடி அதை எழுப்பினார்கள். 2011 ஆவணி 31-ல் பழைய அனலொக் முறையைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறிய பின்னர், அக்கோபுரத்திலிருந்து வருவதை, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தகட்டு அன்ரனாவொன்றினால், மாதச் சந்தா ஒரு சதமும் கொடாமல் நான் பிடித்துப் பார்க்கிறேன். கேபிளுக்கு மாதந்தோறும் கப்பம் கட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்புகிறார்களில்லை.

இந்நகரில் தொலைக்காட்சி 1952 புரட்டாதி 8-ந் திகதி ஆரம்பமாயிற்று; அன்று திரையில் முதன்முதலாகத் தோன்றிய நிலைய இலச்சினை தலைகீழாகத் தோன்றியதென்பார்கள். அவ்வருஷத்துத் தீபாவளிக்கு 'பராசக்தி' வெளிவந்தது. ஆகவே ரொறன்ரோத் தொலைக்காட்சி, சிவாஜி கணேசனுடைய திரைவாழ்வுக்குச் சில வாரங்களே மூத்தது. அக்காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. இக்காலத்துத் திரையோ பதினாறுக்கு ஒன்பது. அந்தப் படத்தை இதிலே போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்து, பரப்பிலே காற்பங்கு இருட்டாகப் போய்விடும். 65 அங்குலத்துக்கு விலை கொடுத்து, அதிலே காற்பங்கு இருட்டை வாங்குகிறோமே என்று முறையிட்டேன். உடனே பேரன் ரிமோட்டில் எதையோ அழுத்தினான். நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த சிவாஜி, வாதாடிய வாயோடு பக்கவாட்டில் மூன்றிலொரு பங்கு பருத்து, கூண்டுக்குள் அடங்காதவராகிவிட்டார். "இப்ப சரியோ அப்பப்பா?" என்று கேட்டான். மருமகளின் தமையன் வீட்டுப் புதுப்பெட்டியில் இன்னுமொரு விபரீதம் கண்டேன்: வினாடிக்கு 24 சட்டமாகப் பிடித்த படத்துக்கு இடையிடையே இல்லாத சட்டங்களைத் தானே கற்பித்துச் செருகி, அசைவை வழுவழுப்பாக்குகிறது அது, அதன் பலனாகச் சினிமா என்ற மயக்கம் தெளிந்து, வேஷமிட்ட மனிதர் சிலர் விளக்கொளியில் நிற்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடுகிறது. அதை நிறுத்திவைக்க வழியுண்டாம். ஆனால் நிறுத்தியிருப்பவர்களைக் காண்பதரிது.

மகனுக்கு வேண்டியது சினிமாவன்று, ஹொக்கி. கனடாவில் வர்ண ஒளிபரப்பு 1966-ல் ஆரம்பமாயிற்று; மறுவருஷம் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியினர் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார்கள்; அதற்குப் பிறகு இற்றைவரை வெல்லவேயில்லை. தட்டைத் திரை வந்தும், டிஜிட்டல் வந்தும் அவர்களுக்கு ஒன்றும் உதவவில்லை. தோல்வியை இரண்டேகால் மடங்கு பெரிதாகப் பார்ப்பதற்கு இத்தனை செலவு எதற்கென்று கேட்டபோது, கூடத்தில் சற்று நேரம் மௌனம் நிலவியது. இந்த விவகாரம் முழுவதிலும் நான் சந்தேகமின்றி வென்ற இடம் அது ஒன்றுதான்.

இன்னுமோர் ஆயுதம் பிரயோகித்தேன். இக்காலப் பெட்டிகள் நம்மையும் பார்க்கின்றன. 2017-ல் அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம், வீட்டார் எதைப் பார்க்கிறார்களென்ற விவரத்தை அவர்கள் சம்மதமின்றித் திரட்டியதென்ற குற்றச்சாட்டை 22 இலட்சம் டொலர் கட்டித் தீர்த்துக்கொண்டது என்றேன். "நீங்கள் பாக்கிறதை அறிஞ்சு அவங்கள் என்ன செய்யப்போறாங்கள் அப்பப்பா?" என்று பேரன் கேட்டான். யோசித்துப் பார்த்தேன், அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

கடைசியில் எல்லாம் சுவரிலே வந்து நின்றது. இங்கே வீட்டின் உட்சுவரென்பது கல்லும் சாந்துமன்று. 16 அங்குலத்துக்கொன்றாக நிறுத்திய மரச்சட்டங்களின்மேல் அறைந்த ஜிப்சப் பலகை. சட்டத்தில் திருகாமல் வெறும் பலகையில் ஆணியடித்தால் கலண்டர் நிற்கும். தொலைக்காட்சி பலகையையும் பெயர்த்துக்கொண்டு வரும். சட்டம் எங்கே இருக்கிறதென்று மகன் மின்கருவியொன்றைச் சுவரில் ஊரவிட்டுத் தேட, நான் சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல விரற்கணுவால் தட்டிக்கொண்டே சென்று, கருவி காட்டிய அதே இடத்தைக் காட்டினேன். அந்த இடத்திலோ நல்லூர்க் கந்தன் படமும், மாலை போட்ட தங்கள் தாய் தகப்பனாரின் படங்கள் இரண்டும் இருக்கின்றன. ஈன்றோரை இடம்பெயர்க்கும் பாவத்துக்குத் தங்கள் சகோதரியார் ஒருகாலும் சம்மதியார் என்பதே என் கடைசி நம்பிக்கை. மகனோ, வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது ஊரிலுள்ளவர்களை அந்தத் திரையிலேயே பார்க்கலாமென்று ஒரு வார்த்தை சொன்னான். "மச்சாளைச் சுவரளவுக்குப் பாக்கலாமோ?" என்று கேட்டவர், அப்பொழுதே எழுந்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே மூன்று படங்களுக்கும் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆகவே 26-ந் திகதி வாங்குவதென்று தீர்மானமாயிற்று. பழைய 43 அங்குலம் என் அறைக்கு வருகிறது. கட்டிலுக்கும் அதற்கும் ஐந்தரை அடி. கணக்குப்படி அதற்கு அதுவே உசிதமான தூரமாகையால், பராசக்தியும் அன்ரனாவும் என்னோடு வந்துவிடும்.

இனித் தங்களிடம் ஒரு விண்ணப்பம். தை பிறந்ததும் தங்கள் இருவரையும் அந்தப் பெருந்திரையிலேதான் பார்க்கப்போகிறோம். தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையில் மூன்றிலொரு பங்குகூட நிரம்பாது. ஆகையால் படுக்கையாகப் பிடியுங்கள். அக்கா கதை சுவாரசியத்தில் கமராவை முகட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்; பக்குவமாகச் சொல்லிவையுங்கள். முக்கியமாக, குரல் கேட்கவில்லையென்று தாங்கள் தொலைபேசியைக் காதோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வரியும் கட்டி வாங்கப்போகும் 65 அங்குலத்தில் தங்கள் இடது காதை மாத்திரம் தரிசித்துக்கொண்டிருக்க எங்களால் இயலாது.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள மைத்துனன்