அருள் வந்தால் மட்டும் எழும் மடிக்கணினி

பெறுநர்: தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தார், சென்னை.
பொருள்: சில நாள் எழுந்தும் சில நாள் எழாமலும் இருக்கும் பழைய மடிக்கணினிகள் தொடர்பாக.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்காக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கிக் கொடுத்தவர்கள் தாங்கள். அவற்றில் மிஞ்சியவை வயதான பின் அருளாடிகளாகிவிடுகின்றன. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். மூன்றாம் முறை அழுத்தினால் எதுவுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். கோவை காந்திபுரத்துக் கடைக்குக் கொண்டுபோனாலோ, அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடும். செத்த கணினியைவிட இப்படி விட்டுவிட்டுச் சாகிற கணினியில் நோய் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி வீடுகளில் பஞ்சுத் தூசி விசிறிக்குள் பாய் விரித்துக்கொள்ளும். ரேம் அட்டையின் பொன்னிறப் பற்களில் அழுக்குப் படியும்; பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். நாணயம் அளவுள்ள 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அடாப்டர் இளைத்திருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கப் பொறுமை போதும். அதற்கு மேல்தான் சிக்கல். குளிரில் சுருங்கிச் சூட்டில் விரியும் ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் இருந்தால், மின்சாரம் எந்த முனையில் வந்து எந்த முனையில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். அளக்க மின்சுற்று வரைபடம் வேண்டும். அது கடைக்காரரிடம் இல்லை. எனவே “போர்டு போயிருச்சுங்க” என்கிறார். பிரேதப் பரிசோதனை செய்யாமலே எழுதிக் கொடுத்த இறப்புச் சான்றிதழ் அது.

கோவைக்கு இயந்திரம் புதிதல்ல. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர். கிணற்று மோட்டார் எரிந்தால் பெருந்துறையிலோ உடுமலையிலோ காயில் கட்டுபவர் பழைய கம்பியைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணுவார், கம்பியின் தடிமனை அளப்பார், அதே கணக்கில் திரும்பச் சுற்றிவிடுவார். யாரிடமும் வரைபடம் கேட்கமாட்டார். மோட்டாரே தன் வரைபடம். பல அடுக்குகளாக ஒட்டிய கணினிப் பலகையை அப்படிப் பிரித்து எண்ண முடியாது. தாள் இல்லையென்றால் கெட்டிக்காரனும் குருடன்தான்.

அந்தத் தாளைக் கேட்டால், வரைபடம் கம்பெனி ரகசியம் என்பார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் புது மாடலை வாங்கி, ஆய்வுக்கூடத்தில் கழற்றிப் பார்த்துவிட முடியும். ரகசியம் கடைசிவரை காக்கப்படுவது மெக்கானிக்கிடம் மட்டுமே. பேட்டரி ஆபத்தானது என்பார்கள். உண்மைதான், உப்பிய லித்தியம் பேட்டரியை ஊசியால் குத்தக் கூடாது. தாளைப் படித்தவனைவிடப் படிக்காதவன்தானே அதைக் குத்துவான்? 2011-இல் வாங்கியதற்கு இனி எதற்குச் செலவு என்றால், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் போர்டு வேலை பார்ப்பது தலைவலிக்குத் தலையை மாற்றுவது. அந்தத் திட்டத்தின் கடைசி ஆண்டுகளில் கொடுத்தவற்றுக்கு அந்த வாதம் பொருந்தாது, இனி கொடுக்கப்போவதற்குச் சுத்தமாகப் பொருந்தாது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது அரசு. ஆவணம் கேட்பது அதிசயமல்ல: பிரான்சில் 2021 முதல் மடிக்கணினியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும். பழுதுபார்க்கும் ஆவணங்கள் கிடைக்கின்றனவா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஒற்றைக் கணினி வாங்குபவன் கம்பெனியிடம் வரைபடத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். லட்சக்கணக்கில் வாங்குபவரிடம் சிரிக்க முடியாது. மூடியில் முதலமைச்சர் படத்தோடு வாங்க முடிந்த தங்களுக்கு, மூடிக்குள் இருப்பதன் படத்தையும் சேர்த்துக் கேட்க டெண்டரில் ஒரு வரி போதும்.

இணைப்பு: ரப்பர் 1, 3 வோல்ட் பேட்டரி 1.
வரைபடம்: தங்களிடமிருந்து எதிர்பார்க்கப்படுகிறது.