இந்தியக் கடைப் பொருளதிகாரம்

அமெரிக்காவில் உள்ள இந்திய மளிகைக் கடைகளைப் பொருளாதார நோக்கில் ஆராய்ந்தவர்கள் உண்டு. பொருளதிகார நோக்கில் ஆராய்ந்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை. தொல்காப்பியர் ஐந்து திணைகளுக்கு இலக்கணம் வகுத்தபோது இந்தக் கடைகளையும் மனத்தில் வைத்திருந்தார் என்பதே இக்கட்டுரையின் துணிபு. மறுப்போர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்க்க.

முதலில் காலவரையறை. மன்ஹாட்டனில் 1944இல் ஓர் ஆர்மீனியர் தொடங்கிய கலுஸ்தியான் கடையைச் சங்க காலம் எனலாம். 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. 1974இல் சிகாகோ டெவான் அவென்யூவில் பட்டேல் சகோதரர்களின் கடை எழுந்தது. நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ ரோடு முதலியவை பிற்காலம். இன்று முதலாளி குண்டூர்க்காரராக இருந்தாலும் 'பட்டேல் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்' என்பார் உளர். இது ஆகுபெயர்.

காய்கறிப் பகுதி குறிஞ்சி. அங்கே மலை ஏது என்று கேட்பவர் சுரைக்காய்க் குவியலைப் பார்த்ததில்லை. குறிஞ்சிக்குரியது களவு. இங்கே அது வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதாக நிகழ்கிறது. 'ஒடிக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒடிப்பவர்கள் அனைவரும் முதுகலைப் பட்டதாரிகள். படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, பைக்குள் போகும். வளைந்து கொடுத்தால் முற்றல், நுனி தொங்கக் குவியலுக்கே திரும்பும். 'எல்லாரும்தானே ஒடிக்கிறாங்க' என்று அருகில் நிற்பவர் சொல்வது தோழி கூற்று.

களவின் உச்சம் கறிவேப்பிலை. ஊரில் கொத்தமல்லியோடு சும்மா வந்தது, இங்கே குட்டிப் பிளாஸ்டிக் பையில் விலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோட்டங்களைப் பாழாக்கும் பசுமையாதல் நோயைப் பரப்புகிற குட்டிப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் ஒரு வீடு. அந்த நோய் 2005இல் ஃப்ளோரிடாவிலும் 2012இல் கலிஃபோர்னியாவின் ஒரு வீட்டுத் தோட்டத்திலும் தென்பட்டது. ஆகவே சேலை மடிப்பில் சுற்றிப் பெட்டியில் வரும் கொத்து விமான நிலையத்தோடு சரி. பறிமுதல் செய்பவர் சுங்க அலுவலர். காட்டிக்கொடுப்பது பீகிள் நாய். இரவுக்குறிக்கு வரும் தலைவனுக்குக் காவலரும் நாயும் இடையூறு என்று அகப்பொருள் நூலோர் சொன்னது இதைத்தான்.

அரிசி மூட்டைகள் அடுக்கிய இடம் மருதம். உரிப்பொருள் ஊடல். தலைவன் புழுங்கல் பொன்னி என்பான். தலைவி சோனா மசூரி என்பாள். இருபது பவுண்டு மூட்டையைத் தோளில் தாங்கியபடி நின்றே நடக்கும் ஊடல் இது. 'போன தடவை எடுத்தது குழைஞ்சுது' என்று ஒரு குரல். 'தண்ணி அதிகம் வச்சா எதுவும் குழையும்' என்று மறுகுரல். இதற்குமேல் மாமியார் பெயர் வந்துவிடும். ஊடல் தீர்க்கும் வாயிலாகக் கடைக்காரர் தோன்றி, 'இது பழைய அரிசி, உதிரி உதிரியா வரும்' என்று மூன்றாவது ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டுவார். அது இருவருக்கும் பிடிக்காது என்பதால் உடனே சமாதானம் ஏற்படும்.

இந்த ஊடலில் ஒருமுறை இந்திய அரசே குறுக்கிட்டது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. செய்தி வாட்ஸப்பில் ஏறிய வேகத்தில் அடுக்குகள் காலியாயின. 'குடும்பத்துக்கு ஒரு மூட்டை' என்று கடைகளில் அறிவிப்பு முளைத்தது. மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருந்தவர்களே மூட்டைக்காக முண்டியடித்தார்கள். புழுங்கலுக்கோ தடை இல்லை; ஆகஸ்ட் 25 முதல் 20 சதவீத வரி மட்டும். தலைவன் கட்சிக்கு வரலாறு தந்த ஒரே வெற்றி அது. 2024 செப்டம்பர் 28 அன்று தடை நீங்கியது, தலைவி கட்சி பழையபடி ஆட்சிக்கு வந்தது.

நெய்தல் என்பது உறைபெட்டி வரிசை. உரிப்பொருள் இரங்கல். பனி படிந்த முருங்கைக்காய்த் துண்டுகளைக் கையில் எடுத்தவர் முகத்தைப் பார்த்தால் போதும், விளக்கம் வேண்டாம்.

முல்லைக்குப் பெரும்பொழுது கார். கடை வாசலில் காரிலேயே உட்கார்ந்து ஆற்றியிருக்கும் கணவர்களை இத்திணையில் அடக்குக.

பாலைக்கு வருவோம். அதற்கெனத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். பில் போடும் வரிசையும் அப்படியே. ஞாயிறு நண்பகலில் அது துவரம்பருப்பைத் தாண்டி, அப்பளத்தைத் தாண்டி, குறிஞ்சிக்குள்ளேயே வால் நீட்டி நிற்கும். உரிப்பொருள் பிரிதல், பிரிவது பணம். வழிப்பறி செய்யும் ஆறலைகள்வராகக் கல்லாப்பெட்டி அருகே கண்ணாடிக் கூண்டில் சூடான சமோசா இருக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் வந்தவரை அது விடுவதில்லை.

கைக்கிளை ஒருதலைக் காமம். அல்போன்சா மாம்பழப் பெட்டிக்கு அது பொருந்தும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் வரலாம் என்று 2007இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்கு இசைந்தது. கதிர்வீச்சும் விமானக் கட்டணமும் விலையில் ஏறியிருக்கும். மூடியைத் தூக்கி முகர்ந்து, விலையைப் பார்த்து, மூடியை வைத்துவிட்டு நகர்பவர்களே அதிகம். பழம் எதுவும் சொல்லாது.

எஞ்சியது பெருந்திணை, பொருந்தாக் காமம். கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதி என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சமையலெண்ணெயாக ஏற்பதில்லை. எனவே புட்டியில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். புட்டி நிற்கும் இடமோ நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் நடுவில். ஷாம்பு வரிசையில் அதை வைத்த கடையை இந்த ஆய்வாளன் இன்னும் பார்க்கவில்லை. நான்கு புட்டி எடுத்துக்கொண்டிருந்த ஒரு வங்காளப் பெரியவரிடம், தலைக்கா உடம்புக்கா என்று ஆய்வு முறைப்படி வினவினேன். 'மீனுக்கு' என்றார். வெளி உபயோகம் என்று போட்டிருக்கிறதே என்று சுட்டிக்காட்டினேன். 'வெளியிலேதான் தடவுவேன்' என்றார்.