+= என்னும் தயிர்க்குடம்: ஓர் இலக்கண ஆய்வு

'தயிர்க்குடம்' என்றால் தயிரை உடைய குடம். 'ஐ' உருபும் 'உடைய' என்ற பயனும் உள்ளே ஒளிந்திருப்பதால் அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. காதைத் திருகிச் சொல்லித்தந்த பாடம், மறக்காது. இதே தொகை ஜாவா நிரல்மொழியிலும் உண்டென நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

'அ = அ + 1' என்பது விரி; 'அ += 1' தொகை. (ஜாவாவில் மாறிக்கு அகரத்தையே பெயராக வைக்கலாம். யாரும் வைப்பதில்லை என்பது வேறு வருத்தம்.) விரிக்கையில் கவனம் வேண்டும். அகரம் 4 எனில் 'அ *= 2 + 3' தருவது 20. அடைப்புக்குறி போடாமல் விரித்தவருக்கு 11 வரும், மதிப்பெண் வராது.

வரலாறு சிறிது. ஆல்கால் 68 மொழியிலிருந்து பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வழியாக வந்த இந்தக் குறியை, அதே ஆய்வகத்தின் பி மொழி '=+' என்று தலைகீழாக எழுதியது. ஆகவே 'அ=-1' என்றால் அகரத்துக்கு −1 கொடுத்ததா, அகரத்தில் 1 கழித்ததா? 'வேங்கை' மரமா, வேகின்ற கையா என்பது போன்ற பொதுமொழிச் சிக்கல்தான். பி-யிலிருந்து பிறந்த சி மொழியில் 1976இல் குறிகள் இடம் மாறின. பழைய வடிவம் பிழையே என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதினார்.

இனி தயிர்க்குடம். பால் பாக்கெட் கணக்குக்கு நான் எழுதிய ஜாவா நிரலில் அகரம் பைட் வகை. கொள்ளளவு −128 முதல் 127 வரை. 'அ = அ + 1' என்று எழுதியபோது, கூட்டிய விடை பெரிய வகை, பைட்டில் அடங்காது என்று கம்பைலர் தடுத்தது. 'அ += 1' என்று மாற்றினேன்; வாய் திறக்கவில்லை. 128ஆம் பாக்கெட்டன்று கணக்கு −128 ஆனது. அதன்படி பால்காரர்தான் எனக்குக் கடன்பட்டவர். அவர் ஏற்கவில்லை.

தொக்கது அகரம் மட்டுமன்று, விடையைப் பைட்டுக்குள் அழுத்தும் வகைமாற்றமும்தான். உருபும் போயிற்று, பயனும் போயிற்று. ஜாவாவின் இலக்கண நூலே 3 உள்ள ஷார்ட் என்னும் முழு எண் மாறியில் += போட்டு 4.6 கூட்டி, 7 என்று காட்டுகிறது. சிந்திய 0.6 தயிரை யாரும் துடைக்கவில்லை.

பைத்தான் இன்னும் துணிச்சலானது. டியூப்பிள் என்னும் மாறாத தொகுப்புக்குள் ஒரு லிஸ்ட்டை வைத்து, அதில் += போட்டால் 'மாற்ற முடியாது' என்று பிழை காட்டும். திறந்து பார்த்தால் லிஸ்ட் மாறியிருக்கும். ஏன் அப்படி என்று அம்மொழியின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் பகுதி பொறுமையாக விளக்குகிறது, திருத்தவில்லை. நம்மவர் இதை வழுவமைதி என்பர்.