பேராண்டி டப்ளின் போறான்

ஏலே பேராண்டி, டப்ளின் போறியாமே. கம்பளிச்சட்டை வாங்கிட்டே, சரி. அந்த அயர்லாந்து நாட்டுப் பிரதமரை எப்படிச் சொல்லணும்னு தெரியுமால? அன்னைக்கு 'தாவோய்சீச்'னு எழுத்துக்கூட்டுனியே, திண்ணையில கிடந்த பூனை எந்திரிச்சுப் போயிட்டு.

'தீஷக்'ல! நம்ம 'த' போதும். கடைசியில மட்டும் மீன்முள்ளு சிக்குனவன் மாதிரி தொண்டையைச் செருமு. அவனுக்கு ஒன்பது எழுத்து, நமக்கு மூணு. பக்கத்து மெய்யெழுத்தை மெல்லிசாச் சொல்லவா, தடிச்சுச் சொல்லவான்னு கைகாட்டத்தான் அங்க பாதி உயிரெழுத்து நிக்குது. நம்ம ஊரு கல்யாணத்துல வாசல்ல நிக்கிற மாமாக்கமாரு மாதிரி.

அர்த்தம் பெருசா ஒண்ணுமில்ல. தலைவன், முன்னால போறவன். கல்லு விளிம்புல கோடு கோடாக் கீறுன ஓகம் எழுத்து இருக்கே, அதுலயே இந்தச் சொல்லு கிடக்கு. இதுக்கு வேல்ஸ் பாஷையில ஒரு கூடப்பிறந்தான் உண்டு. அங்க அதுக்கு இளவரசன்னு அர்த்தம். ஒரே வயித்துப் பிள்ளைக. ஒருத்தன் கிரீடம் வச்சுக்கிட்டான், இன்னொருத்தன் வீடு வீடா ஓட்டுக் கேக்கான்.

1922-லேர்ந்து அந்தப் பதவிக்கு 'நிர்வாகக் குழுத் தலைவர்'னு சவசவன்னு ஒரு பேரு. 1937-ல, அப்ப அந்தப் பதவியில இருந்த டி வலேரா புது அரசியல் சட்டம் கொண்டாந்து 'தீஷக்'குன்னு மாத்துனாரு. மெக்டெர்மட்னு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், "பிரதமர்னே போட்டா என்ன?"ன்னாரு. டி வலேரா அசையல. ஆனா சட்டத்தைப் புரட்டிப் பாரு: 'தீஷக், அதாவது அரசின் தலைவர் அல்லது பிரதமர்'. பேரு வச்சவரே கூடவே கோனார் நோட்ஸும் போட்டுட்டாரு!

அப்ப ஜெர்மனியில ஒருத்தன் ஃபியூரர், இத்தாலியில ஒருத்தன் துச்சே. அதுக்கும் தலைவன்னுதான் அர்த்தம்ல. ஆனா தீஷக்கை நாடாளுமன்றத்து 'டாய்ல்' சபை வேண்டாம்னா கூட்டத்தோட கூட்டமா உக்கார வேண்டியதுதான்.

பெரியவரை விடு. ரெண்டாமத்தவரு பேரு 'தானிஷ்டெ'. தலைவன் உசுரோட இருக்கும்போதே, அடுத்தவன் இவன்னு சொந்தக்காரங்க தேர்ந்து வச்ச ஆளுக்கு அந்தக் காலத்துப் பேரு. இப்ப துணைப் பிரதமர். 2022 டிசம்பர்ல தீஷக் மார்ட்டினும் தானிஷ்டெ வரத்கரும், முன்னமே பேசிவச்சபடி நாற்காலியை மாத்திக்கிட்டாங்க. வரத்கரோட அப்பா நம்ம மும்பைக்காரரு, தெரியுமா?

அதனால, ஆபீசுல சேந்ததும் மேனேஜருக்கு ஒரு வணக்கம் போடு. அவரு பக்கத்துல பேசாம ஒருத்தன் உக்காந்திருப்பான் பாரு, டீயை அவனுக்கு வாங்கிக் குடு.

என்னல முழிக்கே? எங்க, செருமு பாப்போம்.