போர்வைக்குள் ஒரு போர்ஷே

பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் காலாற நடந்தால் இவரைப் பார்த்துவிடலாம். ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் மைக்ரோஃபைபர் துணி. போர்ட்டிகோவில் போர்வை போர்த்திய போர்ஷே பாக்ஸ்டர் கார். "எப்போ சார் எடுத்தீங்க?" என்று கேட்டால் வாங்கிய தேதியைச் சொல்வாரே தவிர, கடைசியாக வெளியே எடுத்த தேதியைச் சொல்ல மாட்டார்.

காரில் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கெல்லாம் இவரிடம் தனித்தனி புட்டி உண்டு. பெயின்ட்டுக்கு மெழுகு, டயருக்குப் பாலிஷ், சீட்டுக்குக் கிரீம். கண்ணுக்குத் தெரியாத பிரேக் ஆயிலுக்குத்தான் பட்ஜெட்டில் இடமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால், "ஓடவே இல்லையேப்பா, எப்படிக் கெடும்?" என்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரேக் ஆயிலுக்குத்தான் அது புரிவதில்லை. கார் தூங்கினாலும் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த உத்தரவாதம் 155 டிகிரிதான். போதாததற்குப் பிரேக்கின் உள்ளே பிஸ்டனும் துருப்பிடிக்கும்.

திடீரென ஒரு ஞாயிற்றுக்கிழமை இ.சி.ஆர். சாலையில் மாமல்லபுரம் வரை போய்வர ஆசை வரும். செத்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்வார். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் உறுமும். எதிர்வீட்டு பால்கனி நிறையும். கியர் போட்டுக் கிளட்சை விட்டால், கார் ஒரு முக்கு முக்கிவிட்டு அங்கேயே நிற்கும்.

"கியர்பாக்ஸ் போச்சு!" இது முதல் தீர்ப்பு.

"ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தானே நிறுத்தினீங்க?" என்பார் மனைவி, காய் நறுக்கியபடியே.

லிவரை இறக்குவார். லிவர் இறங்கும், பின்சக்கர டிஸ்க்குக்குள் ஒட்டிப்போன பிரேக் ஷூ இறங்காது. அடுத்து டிஸ்க்கின் மேல் துரு கண்ணில் படும். உடனே உப்புத்தாளோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். நாலு தடவை பிரேக் பிடித்தால் தானே போகும் மேல்துரு அது. பிறகு பெடலை அடிவரை மிதித்து மிதித்துப் பார்ப்பார்.

"சார், சார், அடிவரைக்கும் மிதிக்காதீங்க!" என்று ஓடி வருவார் மெக்கானிக். மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். சீல் அங்கே உரசினால் கிழியும். பிறகு பெடல் காலோடு மெல்லக் கீழே போகும்.

மெக்கானிக் அதிகம் பேச மாட்டார். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுவார். பின்சக்கர ஷூவைத் தட்டித் தளர்த்துவார். முன்னால் இடது சக்கரம் இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாயின் மூட்டைத் தளர்த்துவார், சக்கரம் அசையாது. கீழே காலிப்பரில் பிளீடர் நிப்பிளைத் திறப்பார். டிக்காஷன் நிறத்தில் ஆயில் பீய்ச்சும், சக்கரம் சுழலும். "ஹோஸ் உள்ளே ஊதிப்போச்சு சார். ஆயில் போகுது, திரும்ப வரல." நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாவிட்டால், பிஸ்டன் இறுகியிருக்கும் அல்லது பேட் ஒட்டியிருக்கும்.

நம்மவர் ஹோஸை உற்றுப் பார்ப்பார். "வெளியே பளபளன்னு இருக்கேப்பா?"

அதுதான் இவருடைய பிரச்சினையே. கார் ஓடுமா என்று சாவி போட்டுப் பார்ப்பவர், நிற்குமா என்று கேட்டதே இல்லை.

உங்கள் வீட்டிலும் போர்வைக்குள் ஒரு கார் இருந்தால், நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மறுபடி எடுக்கும் நாளில் பேட்டரிக்காரரைக் கூப்பிடுமுன் பிரேக் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் ஆகாத கார் வீட்டிலேயே இருக்கும்; பிரேக் பிடிக்காத கார் இ.சி.ஆருக்குப் போய்விடும்.